பிக்கப் மாத்தினப்புறம் ஹம்மும் கீச்சும்: செப்பு டேப்பா, மல்டிமீட்டரா?

லூப்ரோடு_ஏற்காடு:
ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிடார், கம்பியோட அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் மூணு. பிரிட்ஜ்ல (கம்பி வந்து முடியற பக்கம்) ஹம்பக்கர், அதாவது ரெட்டைக் காயில்; மத்த ரெண்டும் சிங்கிள் காயில். பிரிட்ஜ்ல இருந்த பழசைக் கழட்டிட்டு செய்மோர் டங்கன் கம்பெனியோட நாலு ஒயர் ஜேபி மாடல் ஹம்பக்கர் போட்டிருக்கு. வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) 500 கே ஓம். இப்போ ரெண்டு தொல்லை. பிரிட்ஜ் பொசிஷன்ல ‘ம்ம்ம்’னு இரைச்சல், பழசுல இது இல்லவே இல்லை. கம்பியைத் தொட்டா கொஞ்சம் குறையுது, முழுசா போகலை. அடுத்தது, ஆம்ப்ல கெயின் ஏத்தினா கீச்சுனு கத்துது. ஆறு கம்பியையும் உள்ளங்கையால அமுக்கினாலும் நிக்கலை. உள்ளே செப்பு டேப் ஒட்டினா ரெண்டும் போயிடுமா?

குகை_டோன்:
இரைச்சல் போயிடுங்க. கம்பியைத் தொட்டா குறையுதுன்னா பிரிட்ஜுக்குப் போற எர்த் ஒயர் சரியா இருக்குன்னு அர்த்தம். உங்க உடம்பு ஆன்டெனா மாதிரி பிடிக்கிறதை உள்ளே இருக்கிற ஒயரெல்லாம் வாங்கிக்குது. ஒயர் இருக்கிற குழி முழுக்க டேப் ஒட்டுங்க, அதை மூடற பிக்கார்டு தகட்டோட அடிப்பக்கமும் சேர்த்து. பசையும் மின்சாரம் கடத்துற வகையா பாத்து வாங்குங்க. இல்லைன்னா ஒரு துண்டு மேல இன்னொண்ணு ஏறுற எடத்துல எல்லாம் ஒரு பொட்டு ஈயம் வைக்கணும். கடைசியா மீட்டரை ரெண்டு மூலைக்கு நடுவுல வெச்சா 1 ஓமுக்குக் கீழே காட்டணும். அங்கிருந்து ஒரே ஒரு ஒயர் பாட் முதுகுக்கு. ஜாக் பக்கம் மட்டும் இன்சுலேஷன் டேப் போடுங்க. பிளக் குத்தினதும் அதோட நுனியைத் தொடுற டிப் தகடு வெளியே வளைஞ்சு செப்புல இடிச்சா சத்தமே வராது. சமையலறை அலுமினிய ஃபாயில் வேண்டாம், அதுல சால்டர் ஒட்டாது.

கோரிமேடு_ஓம்:
டேப் விஷயத்துல சொன்னதெல்லாம் சரி, ஆனா இந்தக் கேசுக்கு இல்லை. அதே குழி, அதே டேப் இல்லாத நிலைமை. பழைய ஹம்பக்கர் அமைதியா இருந்திருக்கு. மாறினது பிக்கப்பும் நாலு பற்றவைப்பும் மட்டும்தான். முதல்ல இதைச் செய்யுங்க: கேபிளை கிடார்ல மட்டும் குத்துங்க, ஆம்ப்ல வேண்டாம். வால்யூம் முழுசா, ஸ்விட்ச் பிரிட்ஜ்ல, மீட்டர் 20 கே ஸ்கேல்ல. மறுமுனை பிளக்கோட டிப்புக்கும் (நுனி) ஸ்லீவுக்கும் (தண்டு) நடுவுல என்ன வருது? அப்புறம் ஆம்ப்ல போட்டுட்டு, கிடாரை மாட்டிக்கிட்டு நின்ன இடத்திலேயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. இரைச்சல் மாறுதா?

லூப்ரோடு_ஏற்காடு:
8.1 கே. கம்பிக்கும் ஸ்லீவுக்கும் 0.4 ஓம். சுத்தினா மாறுது, ஒரு கோணத்துல கிட்டத்தட்ட காணாமப் போகுது. ஒயரிங்: சிவப்பு ஸ்விட்சுக்கு, கருப்பும் வெள்ளையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தினது, பச்சையும் வெறும் ஒயரும் பாட் முதுகுல.

கோரிமேடு_ஓம்:
மாட்டிக்கிச்சு. நீங்க போட்டிருக்கிறது டிமார்சியோங்கற வேற கம்பெனியோட கலர் முறை. டங்கன்ல கருப்புதான் ஹாட் (சிக்னல் போற ஒயர்); வெள்ளையும் சிவப்பும் ஒண்ணா சேரணும்; பச்சையும் வெறும் ஒயரும் எர்த். டங்கன்ல கருப்பும் வெள்ளையும் ஒரே காயிலோட ரெண்டு முனை. அதை முறுக்கினதுல ஒரு காயில் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகி வெளியே போயிடுச்சு. மிச்சம் சிவப்பு-பச்சை காயில் ஒண்ணுதான் ஓடுது. அதான் 16 கே சுமாருக்கு வரவேண்டியது பாதியா நிக்குது.

ரெண்டு காயில் எதிரெதிரா இருந்தாத்தான் 50 ஹெர்ட்ஸ் ஹம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ஒத்தைக் காயில்ல அது நடக்காது. திருப்பினா குறையறது காந்தப்புலத்தோட குணம், ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வர்றது. அந்த மெல்லிசு செப்புத் தகடு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்கவே தடுக்காது.

பாட் முதுகுல பத்த வைக்கும்போது 25 வாட் அயர்ன் பத்தாது, 40 இல்ல 60 வேணும். முதுகை உப்புத்தாளால ரெண்டு தேய்ப்பு தேயுங்க. ஈயம் பளபளன்னு படரணும். சாம்பல் நிறத்துல மணி மணியா உருண்டு நின்னா அது ஒட்டலை, நாலு நாள்ல கரகரன்னு ஆரம்பிக்கும்.

குகை_டோன்:
கலர் சமாச்சாரம் ஒத்துக்கறேன். ஆனா தொட்டா குறையுது இல்லையா? காந்தப்புல ஹம் தொட்டாலும் குறையாது. அப்போ ரெண்டு வகையும் கலந்து வருது. நெக், மிடில் பிக்கப் ரெண்டும் சிங்கிள் காயில்; டேப் வேலை வீண் இல்லை.

கோரிமேடு_ஓம்:
வீண்னு சொல்லலை, வரிசை தப்புங்கறேன். முதல்லயே டேப் ஒட்டியிருந்தா இரைச்சல் பாதி குறைஞ்சிருக்கும், தப்பு ஒயரிங் அடியில அப்படியே கிடந்திருக்கும்.

அம்மாப்பேட்டை_220:
நடுவில் ஒன்று. ‘ம்ம்ம்’ வேறு, ‘ஸ்ர்ர்ர்’ வேறு. இரண்டாவது வகை வந்தால் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். மின்தடை நேரத்தில் சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்ப் ஓடினாலும் அதே சத்தம்தான். எங்கள் பக்கம் விசைத்தறி ஓடும் லைனிலேயே வீட்டு இணைப்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் இருக்கலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 அளவில் வரவேண்டும். அங்கே தாறுமாறாகக் காட்டினால் எர்த் இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஹம் போகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். கிடார் கம்பி ஆம்பின் உலோகக் கூடான சேஸிஸோடு சேர்ந்தது; உள்ளே ஃபேஸ் மின்சாரம் கசிந்தால் கையில்தான் வரும்.

லூப்ரோடு_ஏற்காடு:
மாத்தியாச்சு. இப்போ 15.9 கே. ஹம் நின்னுடுச்சு. ஆனா கீச்சு முன்னைவிட சீக்கிரமே வருது.

குகை_டோன்:
வரத்தானே செய்யும், அவுட்புட் கூடிடுச்சு. கம்பியை அமுக்கினாலும் நிக்கலைன்னா அது மைக்ரோஃபோனிக், அதாவது பிக்கப்பே அதிருது. மெழுகுல முக்குங்க. பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு 60லேருந்து 65 டிகிரி; அதுக்கு மேல போனா காயில் சுத்தியிருக்கிற பாபின் பிளாஸ்டிக் கோணிக்கும். குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் வெச்சா போதும். நேரா அடுப்புத் தீயில மட்டும் வைக்காதீங்க, மெழுகு பத்திக்கும்.

கோரிமேடு_ஓம்:
ஜேபிக்கு எதுக்குங்க மெழுகு? கம்பெனியிலேயே முக்கித்தான் அனுப்பறாங்க. டங்கன்ல மெழுகு போடாம வர்றது சேத் லவர் மாடல் மாதிரி சிலதுதான். கிப்சன் கம்பெனியில சேத் லவர்ங்கறவர் 1955ல உருவாக்கின ஹம்பக்கர்ல மெழுகு கிடையாது, அதே மாதிரி இருக்கணும்னு செய்யறது. உங்க பிக்கப் தொங்கற விதத்தைப் பாருங்க. ஆம்ப் ஓடட்டும், கெயின் பாதி. பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர் பிடியால முதல்ல பாபின் மேல தட்டுங்க, அப்புறம் பிக்கார்டுல தட்டுங்க. எது அதிகம் கேக்குது?

லூப்ரோடு_ஏற்காடு:
பாபின்ல லேசா ‘டொக்’. பிக்கார்டுல தட்டினா ஸ்ப்ரிங் ‘டிங்ங்’னு இழுக்குது.

கோரிமேடு_ஓம்:
அப்போ மெழுகு வேண்டாம். உயர ஸ்க்ரூவுல இருக்கிற ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கு. அதை எடுத்துட்டு சைக்கிள் கடையில கிடைக்கிற வால்வு டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டிப் போடுங்க. பிக்கப்புக்கு அடியில கெட்டி ஸ்பாஞ்ச் ஒரு துண்டு, லேசா அமுங்குற அளவுக்கு. கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கிட்டு கம்பிக்கும் பிக்கப்போட துருவத்துக்கும் இடைவெளி அளங்க: தடிமன் கம்பிப் பக்கம் 2.5 மி.மீ., மெல்லிசு பக்கம் 2. அப்புறம் கெயினைப் பழைய அளவுக்கே வைக்காதீங்க, குறைச்சாலே அதே டிஸ்டார்ஷன் கிடைக்கும்.

குகை_டோன்:
பிரிட்ஜை இழுத்துப் பிடிக்கிற பின்பக்க ட்ரெமோலோ ஸ்ப்ரிங்கையும் விட்டுடாதீங்க, ‘டிங்’ அங்கிருந்தும் வரலாம். உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் திணிச்சுப் பாருங்க. பிக்கார்டை எப்படியும் கழட்டறீங்க இல்ல? அப்படியே டேப்பையும் ஒட்டிடுங்க.

கோரிமேடு_ஓம்:
ஒட்டட்டும். அதுக்கு முன்னாடி வெள்ளை-சிவப்பு முடிச்சு மேல ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்க. அது செப்புல பட்டா ஒரு காயில் மறுபடி போயிடும், மீட்டர் திரும்பவும் 8 காட்டும்.