ராம்நாடு கடலோரத்தில் மார்ட்டினி: உங்கள் அனுபவம் என்ன?

உச்சிப்புளி கப்பல்காரன்:

சொகுசுக் கப்பல் பாரில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவன் நான். ஜின் என்ற மதுவில் கொஞ்சம் வெர்மூத் சேர்க்கிற காக்டெய்ல்தான் மார்ட்டினி. அதை வீட்டில் கலக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் எந்த ஜின் வாங்கலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது?

கணக்கு சின்னதுதான். 60 மில்லி ஜின், 10 மில்லி டிரை வெர்மூத் (இனிப்புக் குறைந்த மூலிகை ஒயின்). ஐஸ் போட்டு அரை நிமிடம் கிண்டினால் 15, 20 மில்லி தண்ணீர் உருகி உள்ளே இறங்கிவிடும். ஆக, கிளாஸில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். ஜூஸ் கிடையாது, சோடா கிடையாது, சர்க்கரை கிடையாது. தண்ணீர் கரித்தால் அதை மறைக்க ஒன்றுமே இல்லை. நம்ம பக்கத்து போர்த் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் கோவாவில் தயாரான நல்ல ஜின் வாங்கி வைத்திருந்தார். பிரியமாகக் கலந்து கொடுத்தார். முதல் வாயிலேயே கணவாய் வாசம்! ஃப்ரீசரைத் திறந்து பார்த்தால், மூடியில்லாத ஐஸ் டிரே. அதை ஒட்டி ஒரு பாலிதீன் பையில் கணவாய், இன்னொன்றில் நண்டு. ஐஸ் வாசத்தை இழுக்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, இறுக்க மூடுகிற எவர்சில்வர் டிபன் பாக்ஸில் முக்கால்வாசி ஊற்றி உள்ளே வையுங்கள். மறுநாள் கட்டியாக வரும். சுத்தமான துணியில் சுற்றி அம்மிக் குழவியால் ஒரு தட்டு, போதும். பொடியாக்கிவிட்டால் சீக்கிரம் உருகி நீர்த்துப்போகும்.

குலுக்காதீர்கள், கிண்டுங்கள். குலுக்கினால் காற்றும் ஐஸ் தூளும் சேர்ந்து கலங்கலாகிவிடும்.

தங்கச்சிமடத்தான்:

அண்ணே, வீட்டு ஐஸ் பத்தாமல் போனால் நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஒரு விசேஷ வீட்டில் மீனுக்கு வந்த ஐஸ் பாரை உடைத்து கிளாஸில் போட்டு நீட்டினார்கள். வாங்கவே இல்லை நான். மீன் கெடாமல் இருக்கச் செய்கிற ஐஸ் அது, குடிக்கிற தண்ணீரில்தான் உறைய வைத்திருப்பார்கள் என்று எப்படி நம்புவது? ஆனால் வெளியே இருந்து குளிர வைக்க அதற்கு ஈடில்லை. வாளியில் உடைத்துப் போட்டு, மேலே ரெண்டு கை கல்லுப்புத் தூவி, மூடிய பாட்டிலை அதில் புதைத்து வைத்தால் கரண்ட் போன ராத்திரியிலும் ஜின் சில்லென்று இருக்கும். கிளாஸ் மட்டும் அந்தப் பக்கமே போகக்கூடாது.

தொண்டி மாப்ள:

எங்கள் வீட்டுச் சண்டை வெர்மூத்தில். சித்தப்பா மகன் சிங்கப்பூரில் இருந்து வரும்போது, 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் ஜினோடு நொய்லி பிராட் கம்பெனி வெர்மூத் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தான். திறந்து ஒரு ரவுண்டு ஊற்றிவிட்டு, அலமாரியில் பெருமையாக நிறுத்திவிட்டான். சித்திரை வெயில். அடுத்த தடவை மூடியைத் திருகியதும் காடி நெடி. வெர்மூத் என்பது மூலிகை போட்ட ஒயின்தானே, திறந்தால் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், ஒன்றிரண்டு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்றேன். அவன் விடுவானா? பிரான்சில் மார்செய்யான் என்ற கடலோர ஊரில் அதே கம்பெனிக்காரன் பீப்பாயை வெட்டவெளியில், வெயிலிலும் கடற்காற்றிலும் ஒரு வருசம் போட்டு வைக்கிறானே என்று போனில் படம் காட்டினான். அது உண்மைதான். ஆனால் அது மூலிகை சேர்ப்பதற்கு முன்னால், ஒயினைப் பக்குவப்படுத்தச் செய்கிற வேலை. பாட்டிலில் அடைத்து வந்த பிறகு நம்ம வீட்டு அலமாரி அதைத் தொடர வேண்டிய அவசியமில்லை. இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை அவன்.

சாயல்குடி பனங்காடு:

சுத்திப் பனைமரமாக நிற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வெர்மூத் தேடுகிறோம். கள்ளுக்கு 1987-ல் போட்ட தடை அப்படியே கிடக்கிறது. சரி, அது வேறு கதை.

மார்ட்டினி கிளாஸில் வழக்கமாகப் போடுகிற ஆலிவ் காய் கிடைக்கவில்லை என்று யாரும் வருந்த வேண்டாம். ஆலிவுக்குப் பதில் ஊறவைத்த வெங்காயம் போட்டால் அதற்கு கிப்சன் என்று பெயர், வெளிநாட்டு பார்களிலேயே உள்ள சமாச்சாரம். சின்ன வெங்காயத்தில் பொடிசாகப் பார்த்து உரித்து, வினிகரில் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, நாலு மிளகு சேர்த்து ஃப்ரிட்ஜில் ரெண்டு நாள் போட்டு வையுங்கள். லேசாகக் கடித்தால் நறுக்கென்று இருக்கிற பக்குவம் சரியானது. மச்சான் ஒருவர் நுங்கு போட்டுப் பார்த்தார்; அழகாகக் கிடந்தது, ருசிக்கு ஒன்றும் செய்யவில்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாயை ஜினில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டவரும் அவர்தான். அன்றைக்குக் கடைசியில் எல்லோரும் குடித்தது மோர்.

உச்சிப்புளி கப்பல்காரன்:

அந்த மிளகாயை விதை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் மட்டும் போட்டு எடுக்கச் சொல்லுங்கள் அப்பு. மச்சானை விட்டுவிடாதீர்கள், இப்படி ஒரு ஆள் இருந்தால்தான் புதுசாக ஏதாவது பிடிபடும்.