நீளம் தாண்டுதல்: காணொளி காட்டினால் சரியாகிறது, நிறுத்தினால் பழைய பிழை திரும்புகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர், குடியாத்தம் பகுதி

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீளம் தாண்டுதல் கற்பிக்க, ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் என் கைப்பேசியைப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொருவர் தாண்டுவதையும் படம்பிடித்து, அவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்ததும் உடனே காட்டி, எங்கே பிழை என்று சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரங்களில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால், ஒரு நாள் கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் போனபோது, ஏறக்குறைய அனைவரும் பழைய பிழைக்கே திரும்பிவிட்டதைக் கண்டு திகைத்துப் போனேன். ஓடி வரும்போது, கால் ஊன்றி எழும்ப வேண்டிய பலகையைக் குனிந்து பார்க்கிறார்கள். கடைசி அடியை மிக நீளமாக எட்டி வைத்துக் குதிகாலை ஊன்றுகிறார்கள். அந்த இடத்திலேயே ஓட்டத்தின் வேகம் செத்துவிடுகிறது.

45 பேர் உள்ள வகுப்பு, 40 நிமிடப் பாடவேளை. படம் காட்டுவதிலேயே நேரம் கரைந்து, ஒரு பிள்ளைக்கு இரண்டு தாண்டல்கள்கூடக் கிடைப்பதில்லை. இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. திரையைச் சுற்றி நின்ற பையன்கள் சிரித்ததால், மூன்று மாணவிகள் வரிசையில் நிற்பதையே விட்டுவிட்டார்கள். அருகிலுள்ள பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. நான் இன்னும் அதிகமாகப் படம்பிடிக்க வேண்டுமா, அல்லது இம்முறையை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

பதில் 1: தடகளப் பயிற்சியாளர், காட்பாடி

சார், வணக்கம். எங்கே நின்று படம்பிடிக்கிறீர்கள்? சாதாரண வேகத்தில் எடுக்கிறீர்களா, ஸ்லோ மோஷனிலா?

கேள்வி கேட்டவர்

குழியின் ஓரத்தில், தாண்டுபவருக்குச் சற்று எதிராக, கையில் பிடித்தபடி எடுக்கிறேன். சாதாரண வேகம்தான்.

பதில் 1, தொடர்ச்சி

அப்படியானால் நீங்கள் திருத்த விரும்பும் பிழை உங்கள் படத்தில் சரியாகப் பதிவாகவே வாய்ப்பில்லை. நல்ல தாண்டல் வீரரின் கால் பலகையில் இருப்பது ஏறத்தாழ 0.12 நொடிதான். நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரணக் காணொளியில் அதற்கு மூன்று நான்கு படங்களே கிடைக்கும்; அவையும் மங்கலாக இருக்கும். நொடிக்கு 120 படங்கள் என்று வைத்தால் பதினான்கு படங்கள் வரை கிடைக்கின்றன; குதிகால் முதலில் பட்டதா, முழுப் பாதமும் பட்டதா என்பது அப்போதுதான் தெரியும். இதற்கு வெளிச்சம் தாராளமாக வேண்டும். நம் ஊரில் வெயிலுக்கு என்ன குறை? ஆனால் அதே வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாது என்பதால், படம் காட்டும் இடத்தை வேப்பமர நிழலுக்கோ வராந்தாவுக்கோ மாற்றிவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் கடைசி அடி நீளமா குட்டையா என்று கண்ணால் அளக்க முடியாது. ஓடுபாதைக்குச் செங்குத்தாக, பலகைக்கு நேரே பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, பிள்ளையின் இடுப்பு உயரத்தில் கைப்பேசியை ஒரு நாற்காலியின் மேல் அசையாமல் நிறுத்துங்கள். கடைசி இரண்டு அடிகளும் எழும்பும் நொடியும் படச்சட்டத்துக்குள் வந்தால் போதும். சரியாகத் தாண்டுபவருக்குக் கடைசிக்கு முந்தைய அடி சற்று நீண்டும் கடைசி அடி சற்றுக் குறுகியும் இருக்கும். உங்கள் பிள்ளைகளிடம் இது தலைகீழாக இருக்கிறது. பலகையைக் குனிந்து பார்ப்பதற்கு ஓட்டத் தொடக்கக் குறி பிள்ளைக்குப் பிள்ளை அளந்து வைக்கப்படாததும் காரணமாக இருக்கலாம். அதைப் படம் சொல்லாது, அளவுநாடாதான் சொல்லும்.

பதில் 2: உடற்கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர், வேலூர்

படப்பிடிப்பைப் பற்றி மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் படம் இல்லாத நாளில் பிழை திரும்பியதற்குக் காரணம் கேமரா அல்ல என்றே நினைக்கிறேன். கற்பவருக்கு ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் உடனே வெளியிலிருந்து தகவல் கொடுத்துக்கொண்டிருந்தால், அப்போதைக்குச் செயல் சிறக்கிறது. ஆனால் அவர் தம் தசையும் மூட்டும் சொல்வதைக் கவனிக்காமல் அந்தத் தகவலின் மேல் சாய்ந்துவிடுகிறார். 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகிய மூவரும் இதை விரிவாக எடுத்துரைத்தார்கள். நடைவண்டியை நினைத்துப் பாருங்கள். பிடித்திருக்கும் வரை குழந்தை நடக்கும், ஆனால் நாள் முழுதும் அதைப் பிடித்தே நடக்கும் குழந்தைக்குத் தன் காலின் சமநிலை பிடிபட நாளாகும். உங்கள் வகுப்பில் நடந்தது இதுதான்.

ஆகவே, படம் காட்டுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கால் எங்கே பட்டது, உடம்புக்கு முன்னாலா, அடியிலா?" அவர் பதில் சொன்ன பிறகு, சில நொடிகள் விட்டுப் படத்தைக் காட்டுங்கள். தான் உணர்ந்ததும் திரையில் கண்டதும் ஒத்துப்போகின்றனவா என்று அந்தப் பிள்ளை தானே ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது. முதல் வாரம் மூன்று தாண்டலுக்கு ஒரு படம், அடுத்த வாரம் ஐந்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே போங்கள். எந்தத் தாண்டலைப் பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கேட்கும்படி விடுவது இன்னும் நல்லது. 1997-இல் ஜனெல் குழுவினர் பழக்கமில்லாத கையால் பந்து வீசச் செய்து நடத்திய ஆய்வில், தாம் விரும்பியபோது மட்டும் காணொளித் தகவல் கேட்டுப் பெற்றவர்கள், அதே அளவு தகவலைப் பிறர் விருப்பப்படி பெற்றவர்களைவிட நன்றாகக் கற்றார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாகக் கற்பவரிடம் வெறும் படத்தைக் கொடுத்தால் அவர் தம் முகத்தையும் தலைமுடியையும் சட்டையையும்தான் பார்ப்பார். 1976-லேயே ரோத்ஸ்டைன், அர்னால்ட் இருவரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தொடக்கநிலையினருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தால்தான் காணொளி பயன்படுகிறது என்றும், சில வாரங்களாவது தொடர வேண்டும் என்றும் எழுதினார்கள். எனவே ஒரு நாளைக்கு ஒரு குறிப்பு மட்டும் போதும். காலைப் பற்றிச் சொல்லும் நாளில் கையைப் பற்றிப் பேச வேண்டாம்.

பதில் 3: பளுதூக்கும் பயிற்சிக்கூடத்தில் உதவியாளர், சத்துவாச்சாரி

2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் எங்கள் சத்துவாச்சாரிக்காரர் என்பதால், இங்கே சிறுவர்கள் பளுதூக்க ஆர்வமாக வருகிறார்கள். நாங்களும் பக்கவாட்டில் நின்று எடுப்போம். கம்பி உடம்பை ஒட்டி மேலே போகிறதா, முன்னால் விலகுகிறதா என்பது மட்டும்தான் எங்கள் கேள்வி. பிழையான தூக்கலை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால் பையன் பளுவைத் தொடவே தயங்குகிறான் என்பதைக் கண்ட பிறகு, அவனுடைய நல்ல தூக்கலைத் தனியே சேமித்து, இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுகிறோம். வேறொரு வீரரின் படத்தைவிட அவனுடைய சொந்த நல்ல தூக்கலே அவனுக்கு எளிதில் புரிகிறது. பள்ளியில் விண்டோஸ் மடிக்கணினி இருந்தால், கினோவியா என்ற இலவச மென்பொருளில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடலாம், கோடும் வரையலாம்.

பதில் 4: உடற்கல்வி ஆசிரியை, கே.வி.குப்பம் ஒன்றியம்

அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, சார். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். கூட்டமாகப் படம் பார்ப்பதை நாளைக்கே நிறுத்திவிடுங்கள். தாண்டியவரும் அவரே தேர்ந்தெடுத்த ஒரு தோழியும் மட்டும் பார்க்கட்டும். பெற்றோரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டோர் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் மாணவிகளின் படம் தங்கியிருப்பது உங்களுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல. தலைமையாசிரியரின் அனுமதியோடு பள்ளிக்குரிய கருவியில் எடுத்து, பாடவேளை முடிவதற்குள் பிள்ளைகளின் கண்முன்னே அழித்துவிடுங்கள். நான் இடுப்புக்குக் கீழே மட்டும் படச்சட்டத்தில் வருமாறு வைக்கிறேன். கால் ஊன்றுவதைப் பார்க்க முகம் எதற்கு? முகம் தெரியாது என்றதும் எங்கள் பள்ளியில் தயங்கிய பிள்ளைகள் தாமாகவே வந்தார்கள்.

நேரத்துக்கு ஒரு வழி: வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு குழியில் தாண்டட்டும். ஒரு குழு தரையில் சுண்ணாம்புக் கோடுகள் போட்டு, கடைசி இரண்டு அடிகளை மட்டும் பழகட்டும். இன்னொரு குழு, கிளையில் கட்டிய துணியைத் தலையால் தொட எழும்பட்டும். துணியைப் பார்த்து எழும்பும் பிள்ளை பலகையைக் குனிந்து பார்க்காது. கேமரா குழிக்கு மட்டும்.

கேள்வி கேட்டவர், ஐந்து வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. பள்ளியின் மடிக்கணினியோடு ஒரு பழைய கைப்பேசியும் கிடைத்தது. ஓட்டத் தொடக்கக் குறியை அளந்து வைத்ததுமே பாதிப் பிள்ளைகள் குனிந்து பார்ப்பதை விட்டார்கள்; இத்தனை நாள் இதைச் செய்யாமல் படத்தை மட்டும் நம்பியிருந்தேனே என்று வருந்தினேன். முதலில் கேள்வி, பிறகு படம் என்று மாற்றிய தொடக்கத்தில் "தெரியல சார்" என்பதே பதிலாக வந்தது. மூன்றாம் வாரத்தில் பெரும்பாலோர் படம் பார்ப்பதற்கு முன்பே சரியாகச் சொல்லிவிட்டார்கள். கடைசி வாரம் முழுவதும் படமே எடுக்கவில்லை. ஐந்தாறு பேரைத் தவிர மற்றவர்களிடம் பழைய பிழை திரும்பவில்லை. அந்த மூன்று மாணவிகளில் இருவர் வந்துவிட்டார்கள். ஒருவர் இன்னும் படத்துக்குச் சம்மதிக்கவில்லை; அவர் சுண்ணாம்புக் கோட்டிலேயே பழகுகிறார், நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்து குண்டு எறிதல் தொடங்கப் போகிறேன். கழுத்தை விட்டுக் குண்டு விலகி, முழங்கை கீழே இறங்கிப் பந்து வீசுவதுபோல் எறிகிறார்கள். இதற்கும் பக்கவாட்டிலிருந்தே எடுக்கலாமா?

பதில் 1

முழங்கை இறங்குவது வட்டத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தால்தான் நன்றாகத் தெரியும், சார். எறிபவரிடமிருந்து ஐந்தாறு மீட்டர் பின்னால் தள்ளி, தோள் உயரத்தில் வையுங்கள். குண்டு விழும் பக்கம் கருவியும் இருக்கக் கூடாது, பிள்ளைகளும் நிற்கக் கூடாது. எறியும் கைப்பக்கம் சற்று நகர்த்தி வைத்தால், குண்டு தாடையை விட்டு விலகும் நொடியும் சேர்ந்து கிடைக்கும்.