ரவுட்டர் செட்டிங்ஸ் மாத்தி ஸ்பீட் கூடினவை ஆரும் இருக்கிறியளோ? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தையில இருந்து:

100 எம்பிபிஎஸ் ஃபைபர் பக்கேஜ், ஆனா பின்னறையில 15ஐத் தாண்டவே இல்லை, மகளுக்கு பின்னேரம் சூமில டியூஷன், ரீச்சர் கதைக்கக் கதைக்க படம் அப்பிடியே நிண்டு போகும். நான் முதல் செய்தது லேப்டொப்பை லான் வயரில நேரா ரவுட்டருக்குக் குடுத்துப் பாத்தது, 94 வந்துது. அப்ப லைன் சுத்தம், பிரச்சினை வைஃபையில தான். இந்த டெஸ்ட்டைச் செய்யாமல் தயவுசெய்து ஆரும் கம்பனிக்கு கோல் எடுக்காதேங்கோ, அரை நாள் லைன்ல நிண்டது தான் மிச்சமாகும்.

பேந்து போன்ல வைஃபை அனலைசர் (சுத்தி இருக்கிற வைஃபையள் எந்தச் சனல்ல எண்டு காட்டுற ஆப்) ஒண்டு போட்டுப் பாத்தன், மேல் மாடி கீழ் மாடி எல்லாற்ற ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில (வைஃபை பாவிக்கிற அலைவரிசையளில ஒண்டு, அதுக்குள்ள சனல் எண்டு பிரிவுகள் இருக்கு) சனல் 6இல தான் குவிஞ்சு கிடக்குது. காலி வீதிப் பக்கத் தொடர்மாடியளில சுவருக்குச் சுவர் வீடு, வேற எப்பிடி இருக்கும். 2.4இல 1, 6, 11 இந்த மூண்டும் தான் ஒண்டோட ஒண்டு முட்டாது, நடுவில 3, 4 எண்டு வைச்சா ரெண்டு பக்க இடைஞ்சலும் உங்களுக்குத் தான். நான் 11க்குப் போய், சனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸில இருந்து 20க்குக் குறைச்சன், குறைச்சா ஸ்பீட் போயிடும் எண்டு பயப்பிடாதேங்கோ, நெரிசலுக்குள்ள 20 தான் நிண்டு பிடிக்கும். டிவியையும் லேப்டொப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினன். அது சுவர் தாண்டக் கஷ்டப்படும், ஆனா அதாலயே அடுத்த வீட்டு சிக்னலும் எங்களுக்குள்ள பெரிசா வராது. ரவுட்டரை டிவி அலுமாரிக்குள்ள இருந்து எடுத்து ஹோல் சுவரில உயர மாட்டினம் (ஃபைபர் வயரை மட்டும் மடிச்சுப் போடாதேங்கோ, உள்ளுக்க இருக்கிறது கண்ணாடி). இப்ப பின்னறையில 60க்கு மேல வருது, டியூஷன் ஒழுங்கா நடக்குது, எனக்கு அது தான் பெரிய சந்தோசம்.

டிஎன்எஸ் (சைட்டின்ர பேரை அதின்ர ஐபி நம்பரா மாத்தித் தாற சேவை) 1.1.1.1 இல்லாட்டி 8.8.8.8 போட்டா பக்கம் திறக்கத் தொடங்குறது கெதியாகலாம், டவுன்லோட் ஸ்பீட் கூடாது.

கொட்டாஞ்சேனையில இருந்து:

அண்ணை, என்ர அக்கா டொரொண்டோ ஸ்காபரோவில இருக்கிறா, அங்க அவைக்கு கேபிள் இண்டர்நெட், எங்கட ஃபைபர் மாதிரி இல்லை, டிவிக்கு வாற கோஆக்சியல் வயரில தான் வரும். ஒவ்வொரு நாளும் லைன் விட்டு விட்டு வருதெண்டு அழாக்குறை. வீடியோ கோல்ல இருந்து மொடெம் பக்கத்தைத் திறக்கச் சொன்னன், 192.168.100.1, அதில டவுன்ஸ்ட்ரீம் பவர் (கம்பனியில இருந்து மொடெமுக்கு வாற சிக்னலின்ர பலம்) மைனஸ் 12 காட்டுது, மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் இடையில இருந்தா தான் நல்லம். வயரைப் பிடிச்சுக் கொண்டு போய்ப் பாக்கச் சொன்னா, முந்தி இருந்த ஆக்கள் டிவிக்குப் போட்ட ஸ்பிளிட்டர் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிக்குது. ரெண்டாப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் ஒண்டே ஏறக்குறைய 3.5 டெசிபெல் சிக்னலைத் தின்னும். தேவையில்லாத ரெண்டைக் கழட்டினவுடன மைனஸ் 5க்கு வந்துது, அதுக்குப் பிறகு லைன் விழேல்ல. மற்றபடி கேபிளில ஸ்பீட் லிமிட் மொடெம் ஒன் ஆகேக்க கம்பனி அனுப்புற ஃபைலில இருந்து தான் வரும், வீட்டில இருந்து அதைக் கூட்ட ஏலாது. கூட்டித் தாறம் எண்டு சொல்லுற சொஃப்ட்வெயருக்கு காசு குடுக்காதேங்கோ. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின்ர உள் செட்டிங்ஸ்) மாத்தி ஸ்பீட் கூட்டுற கதையும் எக்ஸ்பி காலத்தது, விஸ்டாவில இருந்து டிசிபி விண்டோ அளவை (பதில் வரமுன்னம் ஒரேயடியா எவ்வளவு டேட்டா அனுப்பலாம் எண்டது) விண்டோஸ் தானே பாத்துக்கொள்ளும்.

தெஹிவளையில இருந்து:

எனக்கு டவுன்லோட் நல்லா இருந்துது, ஆனா ஒஃபிஸ் கோல்ல குரல் வெட்டி வெட்டி வந்துது. வீட்டில ஆற்றையோ போன் படங்களை பேக்அப் ஏத்தேக்க அப்லோட் நிரம்பி, பிங் (டேட்டா போய்த் திரும்பி வாற நேரம்) 30 மில்லிசெக்கனில இருந்து 300க்குப் போகுது. ரவுட்டரில கியூஓஎஸ் (எந்த டேட்டாக்கு முன்னுரிமை, எவ்வளவு ஸ்பீட் எண்டு வைக்கிற செட்டிங்) போட்டு அப்லோடை டெஸ்டில வாறதின்ர 90 வீதத்துக்கு மட்டுப்படுத்தினன், ஸ்பீட் கொஞ்சம் குறைஞ்சது தான், ஆனா கோல் இப்ப வெட்டுறதில்லை. சில சைட் மட்டும் அரைவாசியில நிண்டா எம்டியுவையும் (ஒரு பக்கெட்டில போகக்கூடிய ஆகக் கூடின பைட் அளவு) பாருங்கோ, பிபிபிஓஇ லைனில (ரவுட்டர் யூசர்நேம், பாஸ்வேர்ட் குடுத்து கனெக்ட் ஆகிற லைன்) 1492 தான் இருக்கவேணும், 1500இல 8 பைட் அதுக்கே போயிடும். கியூஓஎஸ் எல்லா ரவுட்டரிலயும் இல்லை, உங்கட மொடல் நம்பரைப் போடுங்கோ, எங்க இருக்கெண்டு பாத்துச் சொல்லுறன்.