ஓடைத்தோட்டம் குடும்பம்

புதன், காலை 6:12

ராஜாமணி: (3 படங்கள்)

ராஜாமணி: ராத்திரி மறுபடியும். ஓடைப்பக்கம் முக்கா ஏக்கரா மக்காச்சோளம் படுத்துருச்சு

பூங்கொடி: அய்யோ அண்ணா. கதிர் முத்துற நேரமாச்சே

செந்தில்: எத்தனை உருப்படி பெரியமாமா

ராஜாமணி: 12, 15 இருக்கும். குட்டியோட

கவின்: பலமுறை பகிரப்பட்டது: "விவசாயிகளுக்கு மகிழ்ச்சிச் செய்தி!!! காட்டுப்பன்றிகளை இனி விவசாயிகளே சுடலாம். அரசாணை வந்துவிட்டது. அனைத்துக் குழுக்களுக்கும் பகிரவும்"

தனபால்: அட்ரா சக்கை. ஞாயித்துக்கிழமை எம்எல்ஏ காதுகுத்துக்கு வர்றாரு. அங்கயே மனுவைக் குடுத்து, கையோட ரேஞ்சருக்கு ஒரு போன் போட வெச்சிரலாம். ரெண்டே நாள்ல வேலை முடியும்

பூங்கொடி: எம்எல்ஏ வர்றது உறுதியா தம்பி? இலை 250ன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவருகூட எத்தனை பேரு?

சுப்பு: கவினு, அந்த பார்வர்டை எழுதுனவன் பாதிதான் படிச்சிருக்கான். 2025 ஜனவரியில அரசு சொன்னது இது. காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னியைச் சுடக் கூடாது. 1ல இருந்து 3 வரைக்கும் புடிச்சுக் காட்டுக்குள்ள விடலாம். 3ஐத் தாண்டி வந்தாத்தான் சுடறது. அதுவும் பயிற்சி எடுத்த வனத்துறை ஆளுங்க மட்டும். விவசாயி கையில துப்பாக்கி எங்கயுமே இல்லை. ஊருக்கு ஒரு குழு உண்டு: விஏஓ, ஊராட்சித் தலைவர், வனத்துறை ஆளு. அவங்க பார்த்து எழுதுனாத்தான் அடுத்த படி.

செந்தில்: இதை நாலு குரூப்புல போட்டுட்டியே மாப்ள

கவின்: அஞ்சு 😬

கவின்: மேப்புல அளந்தேன். எல்லைக் கல்லுல இருந்து நம்ம மக்காச்சோளம் 2.7 கிலோமீட்டர். சித்தப்பா தோட்டம் 3.2

செந்தில்: அப்ப ஓடைக்கு இந்தப் பக்கம் பன்னிக்கு வண்டி, அந்தப் பக்கம் குண்டு 😂

ராஜாமணி: பாகம் பிரிச்சப்ப ஓடைப்பக்கத்தை என்ற தலையில கட்டுனது யாரு

தனபால்: கெணறு உங்க பக்கந்தானுங்ணா வந்துச்சு

ராஜாமணி: தண்ணி வந்தாத்தான அது கெணறு

பூங்கொடி: இங்க ஆரம்பிக்காதீங்க ரெண்டு பேரும். இலை??

காலை 7:05

தனபால்: 2.7க்கும் 3.1க்கும் என்ன பெரிய வித்தியாசம் மச்சான். எம்எல்ஏ சொன்னா ரேஞ்சர் 3.1ன்னு எழுதிக்க மாட்டாரா

சுப்பு: மாப்ள, அங்கதான் மாட்டிக்குவாரு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 11. பயிருக்கு ஆபத்துன்னு பன்னியை அடிக்க அனுமதி குடுக்கறது தலைமை வன உயிரினக் காப்பாளர், இல்லைன்னா அவரு அதிகாரம் குடுத்த அலுவலர். அந்த உத்தரவு எழுத்துல இருக்கோணும், காரணம் இருக்கோணும், எந்தப் பகுதின்னு இருக்கோணும். மூணுமே சட்டத்துலயே இருக்கு. போன்ல வந்தது உத்தரவு ஆகாது. நாளைக்கு எவனாவது தகவல் உரிமைச் சட்டத்துல சர்வே நம்பரைக் கேட்டான்னா, எம்எல்ஏவோட போனு கோப்புல இருக்காது. ரேஞ்சர் கையெழுத்து மட்டுந்தான் இருக்கும்.

சுப்பு: போன் வந்தா ரேஞ்சர் "சரிங்க சார்"னுதான் சொல்லுவாரு. இடமாறுதல் யாரு கையில இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதா. சாயங்காலம் நாலு காவலரை அனுப்பி ரெண்டு வெடி போட வெப்பாரு. எம்எல்ஏ சொன்னதும் ஆளு வந்துருச்சுன்னு நமக்கும் சந்தோஷம். பன்னி மறுநா வரும். அந்த நாலு பேரு அன்னைக்கு ராத்திரி யானை எறங்குன வேற ஏதோ ஊர்ல நின்னிருக்க வேண்டியவங்க. அதை யாரும் கணக்குப் பார்க்கறதில்லை.

ராஜாமணி: சரி

கவின்: முதலமைச்சரே சொன்னாலும் அப்படித்தானா மாமா?

சுப்பு: உத்தராகண்ட்ல நடந்துச்சு. கார்பெட் புலிகள் காப்பகத்துல புலி சபாரி கட்டறதுக்கு 163 மரம் வெட்ட அனுமதி. வெட்டுனது 6,093ன்னு இந்திய வன அளவை நிறுவனம் கணக்குச் சொல்லுச்சு. அப்ப அங்க இயக்குநரா இருந்த அதிகாரி மேல நடவடிக்கை நிலுவையில இருக்கறப்பவே அவரை ராஜாஜி புலிகள் காப்பகத்துக்கு இயக்குநராப் போட்டாங்க. கீழ இருக்கற அலுவலர்ல இருந்து வனத்துறை அமைச்சர் வரைக்கும் வேண்டாம்னு குறிப்பு எழுதியும் முதலமைச்சர் போட்டாரு. 2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் புடிச்சுக்கிச்சு. மாத்துக் கருத்துன்னா காரணத்தை எழுத வேண்டாமா, இதென்ன மன்னராட்சிக் காலமான்னு கேட்டாங்க. அதுக்குள்ள உத்தரவை வாபஸ் வாங்கிட்டாங்க.

சுப்பு: அரசியலுக்கு அங்க எடமே இல்லைன்னு சொல்லலை. மாநில வன உயிரின வாரியத்துக்குத் தலைவரே முதலமைச்சர்தான், துணைத் தலைவர் வனத்துறை அமைச்சர். 1, 3ன்னு கோடு போட்டதும் அரசாங்கந்தான். கோடு போடறப்பப் பேசலாம். போட்ட கோட்டை ஒரு தோட்டத்துக்காக நகர்த்தறதுதான் வில்லங்கம்.

செந்தில்: அப்பா டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்த கூட்டம் வந்துரும்போல

பூங்கொடி: காபி ஆறிப்போச்சு, போனை வெச்சிட்டு வரச் சொல்லு

காலை 9:40

மஞ்சு: இப்பத்தான் படிச்சேன். பெரியப்பா, உழுது போட்டறாதீங்க. படுத்த தட்டு அப்படியே இருக்கட்டும். ரேஞ்ச் ஆபீஸ்ல மனு குடுத்து, அவங்களும் எங்க வேளாண் துறையும் வந்து பார்க்கற வரைக்கும் தொடவே கூடாது. ஒழுங்கு பண்ணிட்டுக் கூப்புட்டா சேதம் கால்வாசியாத்தான் எழுதுவாங்க

மஞ்சு: படம் எட்ட நின்னு எடுத்திருக்கீங்க. தேதியும் எடமும் விழற கேமராவுல எடுங்க. தடத்துக்குப் பக்கத்துல தீப்பெட்டி வெச்சு ஒண்ணு. பன்னித் தடத்துல ரெண்டு குளம்புக்குப் பின்னாடி சின்னதா ரெண்டு புள்ளி விழும், அது தெரியோணும். முள்ளம்பன்னின்னா தண்டை அடியில கடிச்சிருக்கும், பல்லுத் தடம் தெரியும். பன்னி தட்டைச் சாய்ச்சுக் கதிரை மெல்லும், மண்ணை மூக்குல கிளறிப் போட்டிருக்கும். அதையும் கிட்டப் போய் எடுங்க

ராஜாமணி: கண்ணாடியைக் காணோம். கவின் வந்து எடுப்பான்

மஞ்சு: பட்டா நகல், சிட்டா, விஏஓ கையெழுத்துப் போட்ட அடங்கல், பேங்க் புக்கு மொதப் பக்கம். அடங்கல்ல இந்தப் போகம் மக்காச்சோளம்னு ஏத்தியிருக்குதா? நெறையப் பேரு விழறது அங்கதான். போன வருசத்துக் கடலையே இருக்கும், நிவாரணம் திரும்பி வந்துரும்

ராஜாமணி: பார்க்கோணும்

மஞ்சு: பட்டா இன்னும் தாத்தா பேர்லதான இருக்குது?

ராஜாமணி: ...

தனபால்: நான் அன்னைக்கே சொன்னேன்

ராஜாமணி: நீ கையெழுத்துப் போட வந்தியா அன்னைக்கு

பூங்கொடி: மயிலையும் சேர்த்து எழுதுங்க. தக்காளி முழுக்கக் கொத்திப் போடுது

சுப்பு: மயில் அந்தச் சட்டத்துல 1ஆம் பட்டியல் அம்மிணி, அதிகப் பாதுகாப்பு இருக்கறது. பயிர்ச் சேதம்னு சொல்லி அதைத் தொட சட்டத்துல வழியே இல்லை. பன்னி 2023 ஏப்ரல்ல இருந்து 2ஆம் பட்டியல், அதனாலதான் பிரிவு 11ல எடம் இருக்குது. ரெண்டையும் ஒரே மனுவுல போட்டா மயிலைக் காட்டி மொத்தத்தையும் திருப்பிருவாங்க.

செந்தில்: சுட்ட பன்னி யாருக்குப்பா? காதுகுத்துக்கு ஆகுமா 😋

சுப்பு: பிரிவு 39. அது மாநில அரசோட சொத்து.

செந்தில்: உசுரோட இருந்தா நம்ம பயிரு, செத்தா அரசாங்கச் சொத்து

கவின்: கேரளாவுல ஊராட்சித் தலைவரே உத்தரவு போடறாங்களே. இங்கயும் அப்படிக் கேட்டா என்ன?

சுப்பு: அங்க 2022ல அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவருங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க. உரிமம் இருக்கற துப்பாக்கிக்காரர்தான் சுடோணும். கூப்புட்ட நேரத்துக்கு அவரு வரோணுமே. இங்க இன்னொரு கூத்து. ஆணை வந்தது ஜனவரியில. கோயம்புத்தூரு உள்பட 28 மாவட்டத்துல ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் அதே 2025 ஜனவரி 5ஆம் தேதியோட முடிஞ்சுபோச்சு. குழுவுல தலைவர் நாற்காலி காலி, தனி அலுவலர்தான் இருக்காரு. அவருகிட்ட எத்தனை ஊராட்சின்னு அவருக்கே மனப்பாடம் இருக்காது. நம்மூர்ல குழு ஒருதடவையாவது கூடுச்சான்னு கேளு.

தனபால்: தலைவர் இருந்திருந்தா நான் பேசியிருப்பேன்

செந்தில்: வார்டுல 11 ஓட்டுல போனது மறந்துருச்சா சின்னமாமா

தனபால்: 9

மதியம் 1:22

ராஜாமணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுப்பு: நீக்குனாலும் படிச்சிட்டேன் மச்சான். மெயின் லைன்ல கம்பி கொக்கி போடற பேச்சே வேண்டாம். 2023 மார்ச்ல தர்மபுரி மாரண்டஅள்ளிப் பக்கம் பயிருக்குக் கட்டுன கம்பியில 3 யானை செத்துச்சு, 2 குட்டி தாயைச் சுத்திச் சுத்தி நின்னுச்சு. விவசாயியைக் கைது பண்ணுனாங்க. அவுட்டுக்காயும், அதான் இரைக்குள்ள வெக்கற வெடியும், அப்படித்தான், பன்னி கடிக்கறதுக்கு முன்னாடி மாடு கடிக்கும்.

சுப்பு: சோலார் வேலி போடுங்க. ஆனா காட்டுல இருந்து 5 கிலோமீட்டருக்குள்ள இருக்கறதால 2023 விதிப்படி டிஎஃப்ஓ, அதான் மாவட்ட வன அலுவலர்கிட்ட முன் அனுமதி வாங்கிப் பதிவு பண்ணோணும். தரச்சான்று இருக்கற எனர்ஜைசர் (கம்பிக்கு விட்டு விட்டுக் கரண்டு குடுக்கற பொட்டி), 12 வோல்ட் பேட்டரி. யானைக்குக் கட்டற மாதிரி உசரத்துல கட்டிட்டு, பன்னி உள்ள வருதேன்னு நெறையப் பேரு சொல்லுவாங்க. பன்னிக்கு மூக்கு படோணும். கீழ்க் கம்பி தரையில இருந்து 20 சென்டிமீட்டர், அடுத்தது 45. புல்லு தொட்டா கரண்டு அது வழியா எறங்கிப் போயிரும், வாரம் ஒருக்கா அடியில செதுக்கோணும். எர்த் கம்பி 3 அடிச்சு எட்ட எட்ட வைங்க. மண்ணு காஞ்சா அடி விழாது, குழியில தண்ணி ஊத்தோணும்.

ராஜாமணி: எத்தனை ஆகும்

சுப்பு: மஞ்சுகிட்ட மானியம் இருக்குதான்னு கேளுங்க

மஞ்சு: விசாரிக்கறேன். இந்த வருச ஒதுக்கீடு முடிஞ்சிருக்கலாம்

தனபால்: அப்ப எம்எல்ஏகிட்ட என்னத்தைக் கேக்கறது? சும்மா காதுகுத்திட்டுப் போகட்டுமா

சுப்பு: அவரால முடியறதைக் கேளு மாப்ள. ஒண்ணு, தனி அலுவலரை வெச்சுக் குழுவைக் கூட்டச் சொல்லி ஆட்சியருக்குக் கடிதம். ரெண்டு, இந்த ரேஞ்சுல காலியா இருக்கற காவலர் எடத்தை நிரப்பச் சொல்லிச் சட்டமன்றத்துல கேள்வி. மூணு, ஓடைக்குக் கூண்டு. நம்ம எடம் 1க்கும் 3க்கும் நடுவுல இருக்கறதால புடிக்கறதுதான் வழி. மூணும் எழுத்துல குடுத்து, கடிதத்து நகலை வாங்கிக்கோணும்.

சுப்பு: கூண்டு வந்த அன்னைக்கே கதவைப் போட்டறக் கூடாது. பன்னிக்கு மூக்குலதான் மூளை. ஒரு வாரமாச்சும் கதவைக் கட்டித் தொறந்து வெச்சு, ஊறவெச்ச சோளமும் குச்சிக்கிழங்கும் போட்டுட்டே வரோணும். மொத்தக் கூட்டமும் உள்ள போய்த் தின்னு பழகுனதுக்கு அப்புறந்தான் கதவு. அவசரப்பட்டு ஒண்ணைப் புடிச்சா மீதி 14ம் கூண்டைப் பார்த்தாலே ஒதுங்கிரும். நாள் கணக்குக் காட்டோணும்னு மேல இருந்து நெருக்குனா இதுதான் நடக்கும், பேப்பர்ல "பன்றி பிடிபட்டது"ன்னு படம் வரும், அவ்வளவுதான். அதுவும் கதிரு நிக்கறப்ப இரைக்கு வராது. அறுப்பு முடிஞ்சதும் வெக்கறது நல்லது.

ராஜாமணி: அறுக்க என்ன இருக்கும் அப்ப

கவின்: புடிச்சதை 3 கிலோமீட்டர் தள்ளிக் காட்டுல விட்டா திரும்ப வராதா மாமா

சுப்பு: வண்டி திரும்பறதுக்கு முன்னாடி அது வந்துரும். உள்காட்டுல விடச் சொல்லி மனுவுல ஒரு வரி சேரு.

மாலை 6:30

தனபால்: மனு டைப் அடிக்கச் சொல்லிட்டேன். கூண்டு மட்டும் போட்டிருக்கேன், கேள்வி கீள்வியெல்லாம் இப்ப வேண்டாம், சங்கடப்படுவாரு. மனுதாரர் ஆர்.தனபால் மற்றும் குடும்பத்தினர்

ராஜாமணி: தோட்டம் என்னுது

தனபால்: என்ற பேர்ல இருந்தாத்தானுங்ணா அவரு படிப்பாரு

மஞ்சு: அப்பா, மனுதாரர் பேரும் சர்வே நம்பரும் ஒத்து வரோணும். 3.2ல இருக்கறவரு 2.7க்குக் கூண்டு கேட்டா எப்படி

செந்தில்: பட்டா அப்புச்சி பேர்ல. அவரையே மனுதாரராப் போட்டுரலாம்

பூங்கொடி: சாமியானவரை இழுக்காதடா

மஞ்சு: திங்கக்கிழமை ஆட்சியர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் ஒண்ணு குடுங்க பெரியப்பா. அங்க மனு எண் தருவாங்க, அதை வெச்சுக் கேக்கலாம்

ராஜாமணி: திங்கக்கிழமை பந்தல் பிரிக்கற ஆளு வருவான்

பூங்கொடி: எம்எல்ஏ சைவமா அசைவமா? நாளைக்குக் காலையில கறிக்கடைக்குச் சொல்லியாகோணும்

தனபால்: பிஏகிட்டக் கேட்டுச் சொல்றேன்

சுப்பு: விஏஓகிட்டப் பேசுனீங்களா மச்சான்?

ராஜாமணி: எடுக்கலை

வியாழன், இரவு 2:47

ராஜாமணி: தனபாலு முழிச்சிருக்கியா

ராஜாமணி: கூட்டம் ஓடையைத் தாண்டுது. உன்ற பக்கம்