பழைய காகிதத்துக்கு வயசு கண்டுபிடித்த கதை இருந்தால் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து:

நான் சேர்ப்பது சினிமாப் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்பார்களே, பாட்டெல்லாம் போட்டு, கதைச் சுருக்கம் சூடு பிடிக்கிற இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று வெட்டிவிடுவார்களே, அதுதான். இதில் அச்சான வருஷம் பெரும்பாலும் இருக்காது. அதனால் விற்கிறவர்கள் படம் வெளிவந்த வருஷத்தைச் சொல்லியே விலை கேட்பார்கள். ஆனால் ஓடின படம் மறுபடி மறுபடி வெளியாகும், அப்போதெல்லாம் புத்தகமும் புதிதாக அடித்திருப்பார்கள்.

போன மாதம் நடைபாதைக் கடை ஒன்றில் ஐம்பதுகளில் வந்த ஒரு சிவாஜி படத்தின் புத்தகம் கிடைத்தது. தாள் நன்றாகப் பழுத்திருந்தது, ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "படம் ரிலீஸான அன்னைக்கு வாங்கினது தம்பி, எங்க மாமனார் பெட்டியில இருந்தது" என்றார் கடைக்காரர். விலை போட்டிருந்த பின்னட்டை மட்டும் காணோம். விலை இருந்திருந்தால் வேலை சுலபம். அணா என்றிருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது, ந.பை., அதாவது நயா பைசா, என்றிருந்தால் 1957இலிருந்து 1964க்குள், வெறும் பைசா என்றால் அதற்கும் பிறகு. சரி, அட்டை இல்லையென்றால் என்ன, உள்ளே எழுத்து இருக்கிறதே என்று புரட்டினேன். "தலைவன்", "மாலை", "துணை" எல்லாம் இப்போது நாம் எழுதுகிற மாதிரியே இருந்தன. தும்பிக்கை வைத்த பழைய லை, ணை, னை ஒன்றுகூட இல்லை. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததே 1978இல்தான். எத்தனை தாத்தா பெட்டியில் இருந்திருந்தாலும் அந்தப் புத்தகம் அதற்கு முந்தி அச்சாகியிருக்க முடியாது.

இதைத் திருப்பிப் போட்டால் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய எழுத்து இருப்பதாலேயே 1978க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. சின்ன அச்சகக்காரர் புது ஈய எழுத்து வாங்கக் காசில்லாமல் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். அதே மாதிரி பெரியாரின் குடிஅரசு 1935லேயே புது எழுத்துக்கு வந்துவிட்டது, அந்த வகைப் பிரசுரங்களுக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. நிஜமாகவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு மனுஷர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகமும் துண்டுக் காகிதமும்தான் அந்த நூலகத்துக்கு அடித்தளம். பாட்டுப் புத்தகங்களும் நிறைய உண்டு.

புத்தகத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தேன், அவர் கேட்ட விலைக்கு இல்லை. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

கோட்டையூர் பேர் வந்ததால் நானும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்தபோது கட்டுக் கட்டாக ஜப்பான் நோட்டு வந்தது. பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம், அதனால் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பெரியப்பச்சிக்கு மட்டும் அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது, யாரோ வாட்ஸப்பில் ஒரு நோட்டு லட்ச ரூபாய் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

நோட்டில் "ஜப்பானிய அரசாங்கம்" என்று ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்து வரிசை பி என்று தொடங்கினால் பர்மாவுக்கு அடித்தது, மதிப்பு ரூபாயில் இருக்கும். எம் என்றால் மலாயா, டாலர். மலாயாவின் பத்து டாலரில் வாழைமரம் போட்டிருப்பார்கள். 1942இல் உள்ளே வந்த ஜப்பான்காரன் இஷ்டத்துக்கு அடித்துத் தள்ளிய காகிதம், 1945இல் அவன் தோற்றதும் செல்லாமல் போனது. இன்றைக்கும் ஊரில் பாதிப் பேர் வீட்டில் கிடக்கிறது, அப்புறம் எங்கே விலை? முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடைக்காரரிடம் காட்டினோம். நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அடியில் கிடந்த கடிதக் கட்டைத்தான் எடுத்தார்.

எடுத்தவர் என்ன செய்யப் பார்த்தார் தெரியுமா, உறையிலிருந்து தபால்தலையை வெட்டப் போனார்! தடுத்துவிட்டேன். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. அது வரைக்கும் அங்கேயும் இந்தியத் தபால்தலைதான் ஓடியது, பிரிந்த புதிதில் அதே இந்தியத் தலை மேல் பர்மா என்று அச்சடித்து ஒட்டினார்கள். தலையை வெட்டி எடுத்தால் சாதாரணத் தலை. உறையோடு, எந்த ஊர், எந்தத் தேதி என்ற முத்திரையோடு, உள்ளே கடிதமும் இருந்தால் அதற்கு மதிப்பே வேறு. கடிதத் தலைப்பில் கடையின் விலாசம் எழுதியிருக்கும், அதை வைத்து எந்த வீட்டுக்காரர், யாருக்குப் பங்காளி என்பது வரை பிடிக்கலாம். தனித்தனியாக விற்காதீர்கள் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யார் கேட்கிறார்கள். எங்கள் கட்டு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பெரியப்பச்சி இன்னமும் நோட்டைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நாகர்கோவிலிலிருந்து:

இங்கே ரவிவர்மா படத் தொல்லை. எந்த வீட்டில் பழைய லட்சுமி, சரஸ்வதி படம் இருந்தாலும் "ஒரிஜினல் ரவிவர்மா" என்பார்கள். அவர் பிறந்த கிளிமானூர் பக்கத்தில்தான், அதனால் எல்லோருக்கும் அவர் சொந்தக்காரர் மாதிரி. அவர் கையால் தீட்டியது வேறு, 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டு, கல்லில் வரைந்து அச்செடுக்கிற கல்லச்சில் அடித்து விற்றது வேறு. அந்த அச்சகம் அப்புறம் லோனாவாலா பக்கம் மளவலிக்குப் போனது, ஒரு ஜெர்மன்காரர் கைக்கும் மாறியது. ரவிவர்மா 1906இல் இறந்துபோன பிறகும் அவர் பேரிலேயே படம் வந்துகொண்டிருந்தது.

ஆகவே நான் லட்சுமி முகத்தைப் பார்ப்பதேயில்லை, கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பம்பாய் என்று இருக்கிறதா, மளவலியா, லோனாவாலாவா? பாதி வீடுகளில் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று அந்த ஓரத்தைத்தான் நறுக்கியிருப்பார்கள், வயிறு எரியும். அடுத்தது பூதக்கண்ணாடி. கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தது போல ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். ஆஃப்செட் என்றால் நாலு வர்ணப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும், அது சமீபத்துப் பிரதி. ஒரு வீட்டில் சட்டத்தின் பின்பக்கத்தைப் பிரித்தபோது உள்ளே அண்டை கொடுத்திருந்தது ஒரு மலையாளப் பத்திரிகைத் தாள், தேதியோடு. சட்டம் போட்ட காலம் அதிலேயே தெரிந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போடப் போனார், கெஞ்சி வாங்கினேன்.

மதுரையிலிருந்து:

ஒன்றே ஒன்று. தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பிளாஸ்டிக்கில் வேகவைத்துக் கொண்டுவந்து "எவ்வளவு போகும் சார்" என்று கேட்கிறார்கள். ஒன்றும் போகாது. செலோடேப்பும் அப்படித்தான், கொஞ்ச வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ராமபாணப் பூச்சி அரித்த பத்திரிகையைக்கூட வாங்க ஆள் இருக்கிறது, இதை யாரும் தொட மாட்டார்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

எங்கள் ஊர் கதையையும் கேளுங்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிப் பங்குப் பத்திரம் இருப்பதாக ஒருத்தர் போன் பண்ணினார். கம்பெனி பதிவானது 1906இல், மூலதனம் பத்து லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்கு. அந்தப் பத்திரம் அசலாகக் கிடைத்தால் சொத்தை விற்றாவது வாங்கலாம் என்று நினைக்கிறவன் நான், அன்றைக்கே கிளம்பிப் போனேன்.

கண்ணாடிச் சட்டம் போட்டு, கப்பல் படத்தோடு, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. பங்கு மதிப்பு நூறு ரூபாய் என்று போட்டிருந்தது. "அண்ணாச்சி, பங்கு 25 ரூபாய்தானே" என்றேன். "இது ஸ்பெஷல் பங்கு, பெரிய ஆளுங்களுக்கு மட்டும் கொடுத்தது" என்றார் அசராமல். சரி என்று ரெவின்யூ ஸ்டாம்பைப் பார்த்தேன். 1906 என்றால் ஏழாம் எட்வர்டு இருக்கணும், வழுக்கைத் தலையும் முழுத் தாடியுமாக. இதில் ஒரு ராஜா வழுவழுவென்று சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஆறாம் ஜார்ஜ், பட்டத்துக்கு வந்ததே 1936இல். கம்பெனியை இழுத்து மூடிக் கால் நூற்றாண்டு ஆன பிறகு யாருக்குப் பங்கு கொடுத்தார்கள்?

கேட்டேன். "அந்தக் காலத்துல ராஜாவும் தாடி எடுப்பாரு தம்பி" என்றார்.