நாயை விடுதியில் விடுமுன்: வன்னியின் ஐந்து ஊர்க்காரர் பகிர்ந்தவை

உருத்திரபுரம், கிளிநொச்சி

வீட்டார் பயணம் போகும்போது காசுக்கு நாய் பார்க்கும் விடுதிக்கு நாயை ஆயத்தப்படுத்துவது எப்படி என்று தேடினால் கிடைப்பதெல்லாம் சோபாவில் படுத்துறங்கும் நாய்களுக்கான புத்திமதி. பிடித்த பொம்மையை அனுப்புங்கள், மெத்தையை அனுப்புங்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் கடுவன் நாய்க்குப் பொம்மையும் இல்லை, மெத்தையும் இல்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் முக்கால் ஏக்கர் வளவும், வேலிக்கு அப்பால் வாய்க்கால்வரை நீளும் அதிகாரமும்தான். கழுத்துப் பட்டி கட்டியதில்லை, சங்கிலி கண்டதில்லை. அப்படிப்பட்ட நாயைக் கூட்டில் அடைத்து, முன்பின் தெரியாத ஒருவர் சோறு வைத்தால் அது பட்டினி கிடக்கும், இல்லையென்றால் கடிக்கும். வளவு நாய்க்குப் பழக்க வேண்டியவை இரண்டு: கூடு, பிறர் கை. மற்றதெல்லாம் பிறகு.

மருத்துவத்துக்காகக் குடும்பத்தோடு சென்னைக்குப் போக வேண்டி வந்தபோது, யாழ்ப்பாணத்தில் காசுக்கு நாய் பராமரிக்கும் இடமொன்றைப் பேசிவைத்தோம். பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே வேலையைத் தொடங்கினேன். முதலில் பட்டி. கட்டிய அன்று பின்னங்காலால் கழுத்தைப் பிறாண்டினான், வேப்பமரத்தில் தேய்த்தான், கிணற்றடிச் சேற்றில் புரண்டான். சோறு வைக்கும்போது மட்டும் கட்டி, தின்று முடித்ததும் கழற்றினேன். போகப்போகப் பட்டியைக் கையில் எடுத்தாலே வாலாட்டத் தொடங்கினான். பட்டி வந்தால் சோறு வரும் என்பது அவன் கணக்கு.

கூட்டுக்கு, மைத்துனர் வீட்டில் சும்மா கிடந்த பெரிய கம்பிக்கூட்டைக் கொண்டுவந்து குசினிப் பின்புறம் நிழலில் வைத்தேன். கதவைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டினேன். காற்றில் அது ஒருமுறை அடித்துச் சாத்தினால் பிறகு அந்தப் பக்கமே வரமாட்டான். சோற்றுச் சட்டி முதலில் வாசலில், பிறகு ஒரு சாண் உள்ளே, பிறகு கடைசி மூலையில். தொடக்கத்தில் பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டித் தின்றான். கால்கள் தாமாக உள்ளே வரும்வரை நான் கதவில் கை வைக்கவில்லை. அதன்பின் தின்னும் நேரம் மட்டும் சாத்தினேன், மீன் தலை ஒன்றைப் போட்டு நேரத்தைச் சற்று நீட்டினேன், கடைசியில் இரவிலும் அடைத்தேன். சிணுங்கும்போது திறக்கக் கூடாது. மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்துவான் அல்லவா, அந்தக் கணத்தில் திறக்க வேண்டும். ஆனால் எச்சில் ஒழுகக் கம்பியைக் கடித்து இழுத்தால் அது சிணுங்கல் அல்ல, பயம். திறந்துவிட்டு முந்தைய படிக்கே திரும்புங்கள். அங்கே பிடிவாதம் காட்டினால் பல்லும் உடையும், பழக்கமும் கெடும்.

பிறர் கைக்கு மச்சாளின் மகன் கிடைத்தான். நாங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு அவனை விட்டுச் சோறு வைப்பித்தோம். முதல் நாள் நாய் சட்டியையும் எங்கள் கதவையும் மாறிமாறிப் பார்த்ததே தவிர வாய் வைக்கவில்லை. நாங்கள் வெளியே வரவும் இல்லை. மறுநாள் காலையில் சட்டி வெறுமை.

ஒட்டுசுட்டான்

அண்ணா சொன்னதோடு தடுப்பூசியையும் சேர்க்கிறேன். ஊரில் முகாம் வைத்து இலவசமாகப் போடும் விசர்நாய்த் தடுப்பூசி மட்டும் போதும் என்றுதான் எங்கள் பக்கம் பலர் நினைக்கிறார்கள். பல நாய்கள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு அது போதாது. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் என்ற தொற்றுநோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி வேறு. நாய்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் தொற்றும் விடுதி இருமலுக்கும் தனியாக உண்டு. போட்ட உடனே பலன் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். விசர்நாய் ஊசியை முதல்முறை போட்டால் மூன்று நான்கு கிழமை கழித்துத்தான் பாதுகாப்பைக் கணக்கில் எடுப்பார்கள். குட்டிகளுக்கு அந்தச் சேர்த்துப் போடும் ஊசியை 16 கிழமை வயதுவரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதற்குமுன் விடுதிப் பேச்சே வேண்டாம். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். கூட்டைக் கழுவினாலும் முற்றத்தைக் கழுவ முடியாது. ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அதைப் பார்க்காமலே நாயை ஏற்கும் இடத்தில் விடாதீர்கள்.

உண்ணியையும் மறக்க வேண்டாம். காட்டோரத்து நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். போவதற்கு முன்பே வைத்தியரிடம் மருந்து வாங்கிப் போட்டால் உங்கள் நாய் அங்கே கொண்டுபோகவும் மாட்டாது, வாங்கிவரவும் மாட்டாது.

எங்கள் நாய் யானையை விரட்டப் போடும் யானை வெடிக்குப் பயந்தது. வயலில் வெடி கேட்டால் நெற்சாக்குகளுக்கு இடையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை விடுதிக்காரரிடம் முதலிலேயே சொன்னோம். இல்லாவிட்டால் கோயில் திருவிழா வெடிக்கு மதில் பாய்ந்திருக்கும். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்: கடிக்குமா, கோழி பிடிக்குமா, எதற்கு ஓடும்.

நெடுங்கேணி

பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் நாட்களைக் கணக்குப் பார்க்க வேண்டும். வேட்கைக் காலத்தில் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். கருத்தடை செய்ய நினைத்தால் பயணத்துக்குச் சற்று முன் செய்யாதீர்கள். புண் ஆறவே 10 முதல் 14 நாள் வேண்டும், அதை நக்காமல் பார்க்க வீட்டு ஆள் வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த விடுதியே பிடிக்காது. ஊரில் ஒருவர் வந்து சோறு வைத்தால் நாய் தன் வளவிலேயே இருக்கும்.

உருத்திரபுரம், கிளிநொச்சி

அக்கா, ஆள் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குப் பூட்டு. பிள்ளைகள் வெளிநாட்டில், மற்றவர்களும் வயல்வேலை முடிந்தால் வேறிடம் போய்விடுகிறார்கள்.

புதுக்குடியிருப்பு

எங்கள் வீட்டில் ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது நாயை அல்ல, அம்மாவை. 2009 தொடக்கத்தில் போரால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அப்போதிருந்த நாயை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம். அம்மா அதைப் பற்றிப் பேசமாட்டார். நாயை எங்காவது விட்டுப் போவோம் என்றால் மட்டும் எழுந்து போய்விடுவார். தங்கச்சியின் கலியாணம் கொழும்பில் என்றானதும் வேறு வழி இருக்கவில்லை. வவுனியாவில் ஓர் இடத்தைப் பார்க்க அம்மாவையும் கூட்டிப்போனேன்.

அவர் கூடுகளைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சட்டியில் விரல் விட்டு அடியில் பாசி வழுக்குகிறதா என்று பார்த்தார். பிறகு அந்த மனிதரிடம் கேட்டார்: "தம்பி, இரவில் இங்கே யார் படுக்கிறது? வெள்ளம் வந்தால் கூடுகளை யார் திறக்கிறது?" 2018 மார்கழியில் எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்திலும் கிளிநொச்சியிலும் ஒரே இரவில் தண்ணீர் ஏறியது நினைவிருக்கும். அந்த மனிதர் தான் அங்கேயே படுப்பதாகச் சொல்லி, திறப்புக்கோர்வை தொங்கும் ஆணியையும் காட்டினார். அம்மா சம்மதித்தது அந்த ஆணியைப் பார்த்துத்தான். இதே கேள்வியை வேறோர் இடத்தில் நான் கேட்டபோது சிரித்தார்கள். அங்கே விடவில்லை.

முதலில் ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்த்தோம். தின்றதா, மலம் ஒழுங்கா என்று கேட்டுத் தெரிந்தபின்தான் கலியாணத்துக்கான நாட்களை உறுதி செய்தோம். அம்மா உடுத்திக் கழுவாத பழைய சேலைத் துண்டு ஒன்றையும் கொடுத்துவிட்டோம், அந்த மணம் வேலை செய்தது.

மாங்குளம்

பயணம் பற்றிச் சுருக்கமாக. பஸ்ஸை நம்ப வேண்டாம், ஓட்டோ பேசுங்கள். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணித்தியாலம் முன்பே சோற்றை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். யாழ்ப்பாணம் போகிற வழியில் முறிகண்டியில் எல்லோரும் கச்சான் வாங்க இறங்கும்போது நாயையும் சங்கிலியோடு இறக்கி நிழலில் மூத்திரம் போக விடுங்கள். அதற்கு முன் சில தடவை சந்திவரை ஓட்டோவில் ஏற்றிப்போய்த் திரும்புங்கள். வாந்தி எடுக்கிற நாயா என்பது அப்போதே தெரிந்துவிடும். தூங்கவைக்க வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், பனடோல்கூட நாய்க்கு ஆபத்து.

உருத்திரபுரம், கிளிநொச்சி

சாப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நாய் சோறும் மீன்குழம்பும் தின்று வளர்ந்தவன், அங்கே கொடுப்பது உலர்தீனி. போன அன்றே மாற்றினால் வயிற்றோட்டம் நிச்சயம், பார்ப்பவர் நோய் என்று பயந்துவிடுவார். அதனால் ஒரு கிழமைக்கு முன்பிருந்தே சோற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதே தீனியில் ஒரு பையும் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தபின் அவன் இரண்டு நாள் தூங்கினான், அது களைப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது இருமலை. தொண்டையில் ஏதோ சிக்கியது போல வறண்ட இருமல் வந்தால் அது விடுதி இருமலாக இருக்கலாம், தெரிய இரண்டு கிழமைகூட ஆகும். அதுவரை பக்கத்து வளவு நாய்களோடு சேர விடாதீர்கள். வைத்தியரிடம் போனால் விடுதியில் நின்று வந்த நாய் என்பதை முதலில் சொல்லுங்கள்.