அப்போ சிலோன் ரூபாய் நம்ம ரூபாயை விட பெருசா இருந்துச்சா?

கோத்தகிரி_குமார்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா பாட்டி நுவரெலியா பக்கம் எஸ்டேட்ல இருந்து சாஸ்திரி ஒப்பந்தத்துல (இந்திய வம்சாவளி தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964ல ரெண்டு நாடும் போட்டது) இங்க வந்தவங்க. தாத்தா இருந்த வரைக்கும் "சிலோன் காசுக்கு அப்ப இங்க தனி மதிப்பு, நூறு கொடுத்தா நூறுக்கு மேல கையில வரும்"னு சொல்லிட்டே இருப்பார், நாங்க பெருசு கதை விடுதுன்னு சிரிச்சுக்குவோம். இப்ப நம்ம ஒரு ரூபாய்க்கு அங்க மூணு ரூபாய்க்கு மேல வருது, தலைகீழா இருந்திருக்கும்னு நம்பவே முடியல. நெட்ல தேடினா பழைய வருஷத்துக்கு டாலர் ரேட்தான் வருது, இந்த ரெண்டுக்கும் நேரா எதுவும் சிக்க மாட்டேங்குது. உண்மையா இருந்தா எந்த வருஷம், எவ்வளவுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_காசு:
தாத்தா கதை விடல தம்பி. 1966 ஜூன் 6 வரைக்கும் ரெண்டும் ஒன்னுக்கு ஒன்னு. 1872ல இலங்கை ரூபாய்க்கு மாறினப்ப அங்க புழங்கின வெள்ளி ரூபாயே இந்திய ரூபாய்தான், என்ன, அவங்க அப்பவே அதை 100 சதமா பிரிச்சுட்டாங்க, நாம 1957 வரைக்கும் 16 அணான்னு எண்ணிட்டு இருந்தோம். 1949ல பிரிட்டிஷ் பவுண்டை இறக்கினப்ப ரெண்டு பேருமே கூட இறங்கி டாலருக்கு 4.76னு நின்னாங்க. 1950ல இலங்கைக்குன்னு மத்திய வங்கி வந்த பிறகும் இது மாறல.

அப்புறம் நமக்கு சீனா சண்டை, பாகிஸ்தான் சண்டை, மழையும் பொய்ச்சுது, அமெரிக்க உதவியும் நின்னுது, உலக வங்கி வேற நெருக்குது, இந்திரா காந்தி வந்த ஆறு மாசத்துக்குள்ள ரூபாயை இறக்கிட்டாங்க, 4.76ல இருந்து 7.50. இலங்கை அசையாம அங்கேயே நின்னுச்சு. அதாவது ஒரே ராத்திரில 100 சிலோன் ரூபாய் = 157.50 இந்திய ரூபாய். 1967 நவம்பர்ல பவுண்ட் மறுபடி விழுந்தப்ப இலங்கை 20 சதவீதம் இறக்கி 5.95க்கு வந்துச்சு, இந்த தடவை நாம கூட போகல. அதுக்கப்புறம் 100க்கு 126.

ஒப்பந்தத்துல பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் எடுத்துட்டு வர்ற தொகைக்கு வைக்கிற உச்சவரம்பு 4000 சிலோன் ரூபாய்க்கு கீழ போகக்கூடாதுன்னு இருந்துச்சு. 66 ரேட்ல அது நம்ம காசுல 6300, 67க்கு அப்புறம் 5040.

மதுரைக்காரன்:
குறுக்க ஒரு டவுட்டு, 66ல 36.5 சதவீதம் தானே இறக்கினாங்க, எல்லா இடத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு, நீங்க 57 சதவீதம் ஏறின மாதிரி கணக்கு சொல்றீங்களே?

பழைய_காசு:
ரெண்டும் ஒன்னுதான்யா, எந்தப் பக்கத்துல இருந்து பாக்குறங்கிறதுதான் வித்தியாசம். ரூபாயோட மதிப்பு 36.5 சதவீதம் குறைஞ்சா டாலரோட விலை 57.5 சதவீதம் ஏறும். இறக்குமதி பண்றவனுக்கு வலிக்கிறது ரெண்டாவது நம்பர். அரசாங்கம் எப்பவும் சின்ன நம்பரைத்தான் சொல்லும் 😄 இதுல காமராஜர் அப்ப காங்கிரஸ் தலைவர், முன்கூட்டி தன்னைக் கலந்துக்கலைன்னு அவருக்கு சரியான கோவம்.

வடமராட்சி:
நீங்கள் எல்லாரும் ஒபிசியல் ரேற்றை மட்டும் வச்சுக் கதைக்கிறியள், எங்கட பக்கத்தில அது பாதிக் கதை தான். 1968 மே மாதம் டட்லி சேனநாயக்கவின்ர அரசாங்கம் எஃப்ஈஈசி எண்டு ஒரு சேர்ட்டிபிகேற் (வெளிநாட்டுக் காசு வாங்கிற உரிமைச் சீட்டு) கொண்டு வந்தது. அரிசி, மா, சீனி மாதிரி அத்தியாவசிய இறக்குமதிக்கும் தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் பழைய 5.95, மற்றதுகளுக்கு அதுக்கு மேல 44 வீதம். 69ல அது 55 வீதம், 72ல 65 வீதம். 55 வீதத்தைப் போட்டுப் பாருங்கோ, டொலர் 9.22 வருது, இந்தியாவில 7.50. அப்ப அந்த ரேற்றில இந்திய ரூபா தான் பெரிசு! ஒரே வருசத்தில ஒரு கணக்கில இலங்கை ரூபா உசத்தி, மற்றக் கணக்கில இறக்கம்.

இதில எனக்கு ஆத்திரம் எங்க எண்டால், தேயிலை வித்து வந்த டொலருக்கு 5.95 தான் குடுத்தவை. அந்த டொலரைக் கொண்டு வந்ததே குமார் தம்பியின்ர தாத்தா மாதிரி ஆக்கள் தான். மற்ற ஆக்களுக்கு 9 ரூபாய்க்கு மேல போன சாமானை தோட்டத்திட்ட இருந்து 6க்கும் குறைவா வாங்கினது மாதிரி. தோட்டச் சனத்துக்கு சம்பளம் கூட்டச் சொன்னால் காசு இல்லை எண்டு கையை விரிக்கிறது.

77 நவம்பரில ஜே.ஆர். ஜெயவர்தனவின்ர அரசாங்கம் ரெண்டு ரேற்றையும் ஒண்டாக்கி டொலரை 16 ரூபாயில விட்டது, உங்கட ரூபா அப்ப ஒம்பதுக்கும் குறைவு. அண்டைக்கு இறங்கினது தான், பிறகு ஏறேல்லை. 2022ல சொல்லத் தேவையில்லை, மார்ச்சில 200 சொச்சமா இருந்த டொலர் மே மாதம் 360.

மதுரைக்காரன்:
நடுவுல 91 ஜூலைல நாம இறக்கினப்ப கொஞ்சம் சரியாச்சே? நம்ம ரூபாய்க்கு அங்க 1.95 வந்தது 1.60 பக்கம் இறங்கிருக்கணும்.

வடமராட்சி:
ஓம், அது உங்கட ரூபா விழுந்ததால, எங்கட ரூபா எழும்பினதால இல்லை.

கோத்தகிரி_குமார்:
ரொம்ப நன்றி அண்ணன்மாரே, தாத்தாகிட்ட இப்ப போய் சாரி கூட சொல்ல முடியாது. தாத்தா பெட்டில பிஎஃப் காகிதம் ஒன்னு இருக்கு, தேதி இருக்குற இடம் கிழிஞ்சு போச்சு, எந்த வருஷம்னு இதை வச்சு கண்டுபிடிக்க முடியுமா?

பழைய_காசு:
ரெண்டு ஊர் தொகையும் அதுல இருந்தா இந்திய தொகையை சிலோன் தொகையால வகுத்துப் பாருங்க. 1.57 பக்கம் வந்தா 66 ஜூனுக்கும் 67 நவம்பருக்கும் நடுவுல. 1.26 வந்தா அதுக்கப்புறம் 71 வரைக்கும் எப்ப வேணா இருக்கலாம், ஆளுங்க கூட்டமா வர ஆரம்பிச்சதே 68க்கு மேலதான். ஒரு தொகைதான் இருக்குன்னா முத்திரையில எந்த ஊர் பேர் இருக்குன்னு பாருங்க, ஃபோட்டோ போடுறதா இருந்தா பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு போடுங்க.